மூளியன் முதலில் கத்துவான்

வண்டியில் ஸ்டிக்கர் ஒட்டும்போது ஹீட்டரால் சூடு காட்ட வேண்டும். அப்போதுதான் வளைவிலும் மடிப்பிலும் படியும். சூடு பட்டதும் ஒரு வாசனை வரும். கருகிய பிளாஸ்டிக்கும் பெயின்ட்டும் கலந்தது. தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். நீ போன பிறகுதான் நான் இந்தக் கடைக்கு வந்தேன் என்பதால் அந்த வாசனை உனக்குத் தெரியாது. ஆனால் எனக்கு அது வரும்போதெல்லாம் நீ வருகிறாய். ஏனென்றால் நான் பாதி வண்டிகளுக்கு ஒட்டுவது மூளியனைத்தான்.

மூளியன் ஒரு வீடியோ கேம் டிராகன். கேமில் அவனுக்கு வாயில் நுழையாத ஒரு பெயர். வௌவால் இறக்கை, பாம்புக் கழுத்து, கறுப்பு உடம்பில் பச்சைச் செதில், பாதியில் முறிந்த வலது கொம்பு. அந்தக் கொம்பைப் பார்த்துவிட்டு மூளியன் என்று பெயர் வைத்தவள் நீ. முதலில் நம் எஸ்டேட் லயன் வீடுகளில் எல்லோரும் அப்படிக் கூப்பிட்டார்கள். பிறகு பள்ளிக்கூடத்தில். இப்போது கட்டபெட்டு ஜீப் ஸ்டாண்டில் நரைத்த தலை டிரைவர்கள்கூட, "அம்மிணி, அந்த மூளியன் ஒண்ணு வெட்டிக் குடு" என்கிறார்கள். பெயர் யார் வைத்தது என்று ஒருவருக்கும் தெரியாது.

கடைக்கார அக்காவுக்கு ஊர் கோயமுத்தூர். அவருக்கு இது புரிவதே இல்லை. "வருசத்துக்கு அம்பது டிராகன் புதுசா வருது. மூணு தலை, தங்க றெக்கை, கண்ணுல மின்னலு. ஒரு சீசன்ல ஓடிப் போயிருது. இந்த ஒடஞ்ச பல்லிக்கு மட்டும் வயசே ஆவாதா?" என்பார். திட்டிக்கொண்டே கறுப்பு ரோலும் பச்சை ரோலும் இரண்டிரண்டு கூடுதலாக வாங்கி வைப்பார். போன மாதம் பெர்ன்ஹில்லிலிருந்து ஒருவர் ஸ்கூட்டரில் வந்தார். ஆபீஸ் கிளார்க். தலையில் பாதி வழுக்கை. சின்ன வயதில் உள்ளங்கை அளவு கேம் பெட்டியில் மூளியனை வளர்த்தாராம். இப்போது அவர் மகள் போனில் வளர்க்கிறாளாம். ஊட்டி மார்க்கெட்டில் கம்பளிக் குல்லாயில் மூளியன். பள்ளிப் பைகளில் மூளியன். ஏன் பிடிக்கும் என்று கேட்டால் எல்லோரும் "கெத்து" என்கிறார்கள். அது காரணம் இல்லை. சரியான காரணத்தைச் சொன்னவள் நீ மட்டும்தான்.

இன்று காலை மூளியன் கேட்டு வந்தவர் உன் அப்பா.

ஜீப்பைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு இறங்கினார். கொஞ்சம் இளைத்திருக்கிறார். நான் வெட்டும் மெஷினுக்குப் பின்னால் இருந்தேன்.

"ஏனுங்க, அந்தக் கொம்பொடிஞ்ச டிராகன் இங்க போடுவீங்களாமா?"

"இந்த ஊர்ல நாங்க போடறதே அது ஒண்ணுதானுங்க. கதவுக்கா, பேனட்டுக்கா?" என்றார் அக்கா.

"பின்னாடி கண்ணாடிக்கு. நல்லாப் பெருசா. அடியில என்ற புள்ள பேரு வரோணும். பேருக்குக் கீழ 'அப்பாவின் செல்லம்'னு போட்டுருங்க. புள்ளைக்கு இதுன்னா உசுருங்க. காட்டுமாடு முட்டிச் செத்துப் போச்சு."

அக்கா "அச்சச்சோ" என்றார். அப்போதுதான் உன் அப்பா என்னைப் பார்த்தார். "அட, நீ நம்ம லயன் புள்ளயில்ல? இங்கதான் வேலையா? நல்லாருக்கியா சாமி?"

தலையை ஆட்டினேன். உனக்குத்தான் தெரியுமே, எனக்கு அவ்வளவுதான் வரும். மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு, வண்டியை விட்டுவிட்டுப் போனார்.

மெஷின் உன் மூளியனை வெட்டியது. பிறகு உன் பெயரை. பிறகு அந்த இரண்டு சொற்களை. வேண்டாத ஓரங்களை ஊசியால் கிளறி எடுப்பது என் வேலை. முறிந்த கொம்பிடம் வரும்போது ஊசி நழுவிக் கட்டைவிரலில் இறங்கியது. ரத்தம் வந்தது. எனக்கு ஆறாம் வகுப்பு ஞாபகம் வந்தது.

என் மூளியன் கார்டை ஒருவன் பிடுங்கிக்கொண்டான். பிஸ்கட் பாக்கெட்டில் வந்தது. நான் அழக்கூட இல்லை, நின்றுகொண்டிருந்தேன். அதுவரை நீ என்னோடு பேசியதே இல்லை. பின் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாய். "குடுத்துரு" என்றாய். அவன் சிரித்தான். "குடுத்துரு, அடிச்சிருவேன்" என்றாய். அவன் கார்டை வாயில் கடித்துக்கொண்டு உன்னிடம் முகத்தை நீட்டினான். "இப்ப அடிக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு ஜாமெட்ரி பாக்ஸால் அவன் மூக்கில் அடித்தாய். வெள்ளைச் சட்டை முழுக்கச் சிவப்பு. டீச்சர் உன் காதைத் திருகி ஆபீசுக்கு இழுத்துப்போனபோது நீ கத்திக்கொண்டே போனாய்: "மூணு தடவ சொல்லிட்டுத்தான் அடிச்சேன் டீச்சர்! அவனுக்குக் காது கேக்காட்டி நான் என்ன பண்ணட்டும்?"

கார்டில் அவன் பல் பதிந்த அடையாளம் இன்னும் இருக்கிறது. என்னிடம்தான் இருக்கிறது.

அன்றிலிருந்து எனக்கு நீ வைத்த பெயர் ஊமச்சி. வேறு யாராவது அப்படிக் கூப்பிட்டால் அவர்களுக்கு அடி விழும்.

உன் அம்மாவின் பழைய போனில்தான் விளையாடினோம். திரையில் மூலைக்கு மூலை விரிசல். தண்ணீர்த் தொட்டிப் படியில் உட்கார்ந்தால்தான் டவர் கிடைக்கும். சண்டை கேம் அது. இரண்டு பேரும் ஆளுக்கொரு மிருகத்தை இறக்கிவிட வேண்டும். ஒன்று செத்து விழும்வரை மாறி மாறிக் கடிக்கும், எரிக்கும், கிழிக்கும். தோற்ற மிருகம் துடிப்பதைக்கூடக் காட்டுவார்கள். நான் கண்ணை மூடிக்கொள்வேன். நீ திரையில் மூக்கு முட்டப் பார்ப்பாய்.

மற்ற டிராகன்களெல்லாம் முறை வந்ததும் பாயும். மூளியன் பாய மாட்டான். முதல் முறையில் கழுத்தை நிமிர்த்தி ஒரு கத்து கத்துவான். அது ஒரு அடியும் இல்லை, வெறும் சத்தம். அதற்குள் எதிரி இரண்டு முறை கடித்துவிடும். பாதி உயிர் போன பிறகுதான் அவனுடைய அடி விழும். விழுந்தால் ஒரே அடி, எதிரி காலி. ஆனால் அதுவரை தாங்க வேண்டுமே. எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கேட்டேன். அன்று உன் உதடு கிழிந்திருந்தது. பேசும்போது ரத்தம் கசிந்தது. நீ நாக்கால் நக்கிக்கொண்டே விளையாடினாய்.

"இவன் எதுக்குடி? மூணுதலைய எடு. அது மொதல்லயே அடிச்சிரும்" என்றேன். எனக்கு அது பெரிய பேச்சு.

"மொதல்ல அடிக்கறதெல்லாம் ஒரு ஆம்பளத்தனமா?" என்றாய். போனைக் கீழே வைத்தாய். "எங்கப்பனப் பாரு. சிரிச்சிட்டே சோறு தின்னுட்டு இருப்பான். ரசம் நல்லாருக்குதும்பான். அடுத்த நிமிசம் தட்டு எம் மூஞ்சில இருக்கும். எப்ப வரும்னு கண்டுபுடிக்கவே முடியாது ஊமச்சி. மூளியன் அப்படியா? கத்திட்டுத்தான் வருவான். ஓடறவன் ஓடிக்கலாம். இத்தன மிருகத்துல வர்றேன்னு சொல்லிட்டு வர்றவன் அவன் ஒருத்தன்தான். அதான் எல்லாத்துக்கும் அவனப் புடிக்குது. அவங்களுக்கே தெரியாது."

கடையில் யாராவது "கெத்து" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு இதைச் சொல்ல வேண்டும் போலிருக்கும். சொன்னதில்லை.

பஸ் நிற்கும் இடத்திலிருந்து லயனுக்குத் தேயிலைக்குள் போகும் குறுக்குப் பாதையில் எத்தனை நாள் நடந்திருப்போம்! எஸ்டேட்டில் பிறந்த எல்லோருக்கும் நடக்கப் பழகும்போதே இது சொல்லித் தரப்படும். முன்னால் போகிறவர் குரல் கொடுக்க வேண்டும். காட்டெருமை எந்தப் புதரில் படுத்திருக்கும் என்று தெரியாது. சத்தம் கேட்டால் அது எழுந்து விலகிவிடும். சத்தமில்லாமல் பக்கத்தில் போய்விட்டால் பயந்துபோய் முட்டும். கொழுந்தெடுக்கும் பெண்கள் நிரைக்குள் இறங்கும் முன் தகரம் தட்டி "ஹோய் ஹோய்" என்பார்கள். நீ "ஹோய்" சொல்ல மாட்டாய். மூளியன் மாதிரி கழுத்தை நிமிர்த்திக் கத்துவாய். மேல் டிவிஷன்வரை கேட்கும். மதகில் உட்கார்ந்திருக்கும் ஃபேக்டரி ஆட்கள், "ரேடியோ வந்துருச்சுடா" என்பார்கள். நீ அவர்களைப் பார்த்து இன்னொரு கத்து கத்துவாய்.

எப்போதும் முன்னால் நீ, பின்னால் நான். "நீ முன்னாடி போனா நம்ம ரெண்டு பேரும் காலிடி" என்று சிரிப்பாய்.

அந்தக் கடைசி நாள் காலை நீ கழுத்தில் மப்ளர் சுற்றி வந்தாய். பேசவில்லை. வகுப்பில் யாரும் பார்க்காதபோது கொஞ்சம் விலக்கிக் காட்டினாய். ஒரு பக்கம் நான்கு விரல், மறு பக்கம் ஒரு விரல். நீலம் பூத்திருந்தது. முந்தின நாள் உன் அப்பா உன் அம்மாவை அடித்தபோது நீ நடுவில் புகுந்தாய் என்று நோட்டில் எழுதினாய். உனக்குக் குரலே வரவில்லை. தண்ணீர் விழுங்கினாலும் கண்ணில் நீர் வந்தது. கடைசி பீரியடில் நோட்டை என் பக்கம் தள்ளினாய். "இன்னைக்கு நீ முன்னாடி. நீதான் மூளியன். கத்து" என்று எழுதியிருந்தது. நான் தலையாட்டினேன்.

பனி இறங்கியிருந்தது. மதகில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். "என்னடா, ரெண்டும் கம்முனு போவுது? ரேடியோ ரிப்பேரா?" என்றான் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இவர்கள் முன்னால் கத்த முடியாது, வளைவு தாண்டியதும் கத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வளைவு தாண்டியது. அவர்களுக்குக் கேட்குமே என்று இன்னும் கொஞ்சம் போனேன். நீ குடைக் கம்பியால் என் முதுகில் குத்தினாய். இன்னொரு முறை குத்தினாய். நான் வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. அதற்குப் பதிலாகக் கை தட்டினேன். கையில் கம்பளி உறை போட்டிருந்தேன். பஞ்சைத் தட்டியது போல ஒரு சத்தம் வந்தது.

அது பாதையோர வடிகால் கானுக்குள் நின்று மேய்ந்துகொண்டிருந்தது. நான் அதைத் தாண்டிவிட்டேன். தெரியாமலே தாண்டிவிட்டேன். பின்னால் கிளை முறிகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். அது உன்னைக் கொம்பில் எடுத்து சில்வர் ஓக் மரத்தில் மோதியது. கீழே விழுந்தாய். மறுபடி எடுத்தது. எலும்பு உடையும் சத்தம் காய்ந்த மிளார்க் குச்சி உடைவது போலத்தான் இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நீ என்னைப் பார்த்தாய். என்னை ஓடச் சொல்கிறாய் என்று நினைக்கிறேன். உன் வாய் திறந்தது. காற்று மட்டும் வந்தது.

அப்போதுதான் நான் கத்தினேன். ஃபேக்டரிவரை கேட்டதாம். எருமை உன்னை விட்டுவிட்டு மேலே ஏறிப் போனது. என் ஒரு கத்தலுக்குப் போய்விட்டது. அதை நினைக்கும்போதெல்லாம் நான் என் கையை நானே கடித்துக்கொள்கிறேன்.

ஜீப்பில் உன் தலை என் மடியில் இருந்தது. உன் ரத்தம் என் பாவாடை நனைந்து தொடைக்கு வந்தது. சூடாக இருந்தது. கோத்தகிரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே ஆறிவிட்டது. வழியில் மப்ளர் அவிழ்ந்து அந்த ஐந்து விரலும் வெளியே தெரிந்தன. நான் என்ன செய்தேன் தெரியுமா? திரும்பச் சுற்றிவிட்டேன். நீ காலையிலிருந்து மறைத்துவைத்திருந்தாய், அதனால் நானும் மறைத்தேன். உடம்பு முழுக்கக் காயம் இருந்தது. அதில் ஐந்து விரலை யார் தேடப் போகிறார்கள்?

உன் அப்பா அன்று மண்ணில் புரண்டு அழுதார். தலையைச் சுவரில் முட்டிக்கொண்டார். நான்கு பேர் பிடித்துக்கொண்டார்கள். "ஊரே கேக்கற மாதிரி கத்துவாளே, அன்னைக்கு ஏன் கத்தல?" என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. அதன் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. இரண்டு வருடமாகக் குறுக்குப் பாதையில் கால் வைக்கவில்லை. வேலைக்கும் மெயின் ரோட்டைச் சுற்றித்தான் வந்துபோகிறேன்.

இன்று மூன்று மணிக்கு உன் அப்பா வந்தார். சோப்புத் தண்ணீரால் பின் கண்ணாடியைத் துடைத்தேன். மூளியனை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேய்த்தேன். சூடு காட்டினேன். அந்த வாசனை வந்தது. மேல் தாளை உரித்ததும் அவன் கண்ணாடியில் கழுத்தை நிமிர்த்தி நின்றான். வாய் திறந்திருந்தது. உன் அப்பா ஓரடி பின்னால் போய் நின்று பார்த்தார். "அப்படியே உசுரோட இருக்குது" என்றார். "அடியில எழுத்து?"

எழுத்துத் தாள் என் கையில் இருந்தது. மேலே உன் பெயர், கீழே அப்பாவின் செல்லம்.

"இத ஒட்டமாட்டேனுங்க மாமா" என்றேன்.

"என்னது?"

உள்ளே அக்கா மெஷினை நிறுத்தினார்.

"அன்னைக்கு அவ ஏன் கத்தலன்னா, அவளுக்குத் தொண்டையில சத்தமே இல்லீங்க. முந்தின நாள் நீங்க நெரிச்சீங்க. அஞ்சு வெரலும் இருந்துச்சு, நான் பார்த்தேன். கத்த முடியாதுன்னு என்னைய முன்னாடி போகச் சொன்னா. நான் கத்தலீங்க. வெக்கப்பட்டுட்டு நான் கத்தல. அதான் மாடு முட்டுச்சு. நீங்களும் நானும்தான் மாமா."

எதிரே டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

உன் அப்பா சிரித்தார். நீ சொல்லியிருக்கிறாயே, அந்தச் சிரிப்பை இன்றைக்குத்தான் பக்கத்தில் பார்த்தேன். சிரித்துக்கொண்டே அவருடைய வலது கை மேலே போனது.

"அடிக்கறதுன்னா சொல்லிட்டு அடிங்க மாமா. உங்க புள்ள சொல்லிட்டுத்தான் அடிப்பா."

கை அங்கேயே நின்றது. பிறகு என் கையிலிருந்த ஹீட்டரைப் பிடுங்கிக் கண்ணாடியில் அடித்தார். முதல் அடியிலேயே நொறுங்கியது. அவர் நிறுத்தவில்லை. ஹீட்டர் உடைந்து விழுந்த பிறகு வெறும் கையால் குத்தினார். கண்ணாடி கற்கண்டு மாதிரி ரோட்டில் கொட்டியது. முழங்கையில் ரத்தம் ஓடியது. அப்போது கத்தினார். என்னவென்று புரியாத ஒரே கத்து. அவர் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு வண்டிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, ரத்தம் சொட்டும் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து விரலையும் விரித்து வைத்துப் பார்த்தார்.

மூளியன் ஒட்டியிருந்த இடம் மட்டும் விழவில்லை. ஸ்டிக்கர் உடைந்த துண்டுகளைப் பிடித்துவைத்திருந்தது. சுற்றிலும் வெறும் ஓட்டை, ஒரு ஓரம் மட்டும் சட்டத்தில் பிடித்திருக்க, அவன் உடம்பெல்லாம் விரிசலோடு தொங்கிக்கொண்டிருந்தான்.

அக்கா ஒரு துணியைக் கொண்டுவந்து அவர் கையில் சுற்றினார். உன் அப்பா எழுந்து, என்னைப் பார்க்காமல், வண்டியை எடுத்துக்கொண்டு போனார். மூளியன் ஆடிக்கொண்டே போனான். கண்ணாடிச் சில்லுகளைக் கூட்டி அள்ளும்போது அக்கா, "அம்மிணி, இத்தன நாளா இதையா உள்ள வெச்சிருந்த?" என்றார். பிறகு, "ஊட்டுக்குப் போ. ஹீட்டர் போனாப் போவுது" என்றார்.

எழுத்துத் தாளிலிருந்து கீழ் வரியை வெட்டிக் குப்பையில் போட்டேன். உன் பெயர் மட்டும் என் பையில் இருக்கிறது. பின் தாளை இன்னும் உரிக்கவில்லை. எங்கே ஒட்டுவது என்று தெரியவில்லை.

சொன்னதால் எதுவும் மாறிவிடாது. உன் அப்பா நாளைக்கு லயனில் என்ன செய்வார் என்றும் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. உன் அம்மாவிடமும் நானே போய்ச் சொல்ல வேண்டும். மப்ளரைத் திரும்பச் சுற்றியது நான்தான் என்றும் சொல்ல வேண்டும்.

கட்டபெட்டிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினேன். மெயின் ரோட்டில் திரும்பவில்லை. குறுக்குப் பாதை முனையில் நம் லயன் பெண்கள் மூன்று பேர் பையோடு நின்றிருந்தார்கள். பனி மூடியிருந்தது. யார் முன்னால் போவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களைத் தாண்டி முன்னால் போய் நின்றேன். கம்பளி உறைகளைக் கழற்றிப் பையில் போட்டேன். மதகில் இன்றைக்கும் ஆள் இருந்தது. தலையைக் குனியவில்லை. கழுத்தை நிமிர்த்தினேன்.

உன் அளவுக்கு வரவில்லை. பாதியில் உடைந்தது. இன்னொரு முறை கத்தினேன். கீழே தேயிலைக்குள் ஏதோ பெரிதாக எழுந்தது. கிளைகள் முறிபட அது விலகிப் போகும் சத்தம் கேட்டது. "அட, ரேடியோ பாடுதுடா!" என்றான் மதகிலிருந்து ஒருவன்.

அவனைப் பார்த்து இன்னொன்று கத்திவிட்டு நடந்தேன். மூன்று பேரும் என் பின்னால் வந்தார்கள்.